பாத்திரத்தில் வெட்டிய பெயர்

இந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகன், பரணிலிருந்து இறக்கிவைத்த பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயதுப் பிள்ளை. அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போவதால் எழுத்துக்கூட்டத் தெரியும். குடத்தில் 'சு. பாக்கியம்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த அண்டாவில் 'சொ. பாக்கியம்' என்று இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தை, அப்பத்தாவுக்கு எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டான்.

வீட்டாரின் உண்மைப் பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவே இந்தப் பதிவுக்காக எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். முதலெழுத்துகள் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் நான் சொல்ல வருவதே அந்த எழுத்துகளைப் பற்றித்தான். என் அம்மாவைப் பாக்கியம் என்றும், அவருடைய தந்தையைச் சுப்பையா என்றும், என் அப்பாவைச் சொக்கலிங்கம் என்றும், தம்பியை முத்துக்குமார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். குடம், அம்மாவின் கல்யாணத்துக்கு முன்பே தாத்தா சீருக்காக வாங்கிச் சேர்த்துவைத்தது. அண்டா, நான் பிறந்த பிறகு அப்பா தீபாவளி போனஸில் வாங்கியது. இடையில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால், சுப்பையா மகளாக இருந்த பாக்கியம் சொக்கலிங்கம் மனைவியான பாக்கியமாக மாறிவிட்டார். ஒரே பரணில், ஒரே ஆள், இரண்டு இனிஷியல். சீர்ப் பாத்திரம் ஏறிய எந்த மதுரை வீட்டிலும் இதைப் பார்க்கலாம்.

பையன் கேட்க நினைத்த கேள்வி இதற்குப் பின்னால்தான் வந்தது. உனக்கும் உன் அம்மாவுக்கும் 'லாஸ்ட் நேம்' ஒன்றாக இருக்கும்போது உன் அப்பாவுக்கு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று அவனுடைய வகுப்புத் தோழன் கேட்டிருக்கிறான். அப்பா உன் சொந்த அப்பா இல்லையா என்றும் அந்தத் தோழன் சேர்த்துக் கேட்டதாகப் பிறகு தம்பி என்னிடம் தனியாகச் சொன்னான். ஊரில் இருந்திருந்தால் இப்படி ஒரு கேள்வி எவர் மனதிலும் எழுந்திருக்காது. அங்கே குடும்பப் பெயர் என்பது ஒரு வீட்டின் வாசலில் மாட்டிய பலகை. அந்த வாசலுக்குள் இருக்கிற எல்லோருக்கும் அதுவே பெயர். நம்முடைய இனிஷியலோ, நீ யார் பிள்ளை என்ற ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்வது. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறியே தீரும். மாறாவிட்டால்தான் தப்பு.

தம்பி வீட்டில் நடந்தது இதுதான். அவன் பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் மதுரைக்காரர்கள் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊருக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் 2007-இல்தான் வந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், 'சர்நேம்' என்ற கட்டத்தில் அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஓர் எழுத்தாக ஏற்கமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. அன்று முதல் தம்பி 'முத்துக்குமார் சொக்கலிங்கம்' ஆனான். கல்யாணம் ஆனதும் அவன் மனைவி தன் பாஸ்போர்ட்டில் கணவன் பெயரைச் சேர்த்து 'வாசுகி முத்துக்குமார்' ஆனாள். பிறந்த பிள்ளைக்கு வழக்கம்போல் தகப்பன் பெயரை இனிஷியலாக வைத்தார்கள். அது அங்கே சர்நேமாக விரிந்து 'இளங்கோ முத்துக்குமார்' ஆயிற்று. ஆக, தாய்க்கும் மகனுக்கும் ஒரே குடும்பப் பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனான தகப்பன் மட்டும் வெளியாள். ஒவ்வொரு படியிலும் நம் முறைப்படி சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்; கூட்டிப் பார்க்கும்போது அந்த ஊர்க் கணக்கில் தப்பாக வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் தம்பியை 'மிஸ்டர் முத்துக்குமார்' என்று கூப்பிடுவார்களாம். பிள்ளையின் குடும்பப் பெயர்தான் தகப்பனுக்கும் இருக்கும் என்று அவர்கள் தவறாக நினைத்துக் கூப்பிடுவது அவனுடைய சொந்தப் பெயராகவே அமைந்துவிடுகிறது. அலுவலகத்திலும் வங்கியிலும் விமான நிலையத்திலும் முறைப்படி கூப்பிடுகிறவர்கள் 'மிஸ்டர் சொக்கலிங்கம்' என்கிறார்கள். அது எங்கள் அப்பா. அவர் காலமாகிப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. ஊரை விட்டு அவர் அதிகபட்சம் போனது சென்னை வரைக்கும்தான்.

ஒருமுறை விமானம் மாறும் இடத்தில் தம்பி எங்கோ உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட, ஒலிபெருக்கியில் 'சொக்கலிங்கம், சொக்கலிங்கம்' என்று இரண்டு மூன்று தடவை அழைத்திருக்கிறார்கள். அதை அவன் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. "அவுக பேரையா? அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரியா?" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் நான் நினைத்துப் பார்த்தேன். வங்கியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால், நீ சொல்லு என்பதுபோல் என் முகத்தைப் பார்ப்பார். வாயால் சொல்லாத அந்தப் பெயரின் முதலெழுத்தைத்தான் ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடும்போது அந்தச் 'சொ' மட்டும் கொஞ்சம் பெரிதாகவும் நிதானமாகவும் விழும்.

சிரிப்பதற்கு இடமில்லாத சம்பவமும் ஒன்று நடந்தது. இந்த முறை வாசுகிக்கு விடுமுறை கிடைக்காததால் தம்பியும் பையனும் மட்டும் கிளம்பி வந்தார்கள். வழியில் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில், இரண்டு பாஸ்போர்ட்டுகளிலும் குடும்பப் பெயர் வேறுவேறாக இருப்பதைப் பார்த்த அதிகாரி, தம்பியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுப் பையனிடம் குனிந்து, இவர் உனக்கு யார் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக் கடத்தலைத் தடுப்பதற்காகச் செய்கிற விசாரணை அது, செய்யத்தான் வேண்டும் என்று தம்பியே சொல்கிறான். இருந்தாலும் சொந்தப் பிள்ளைக்குத் தான் தகப்பன் என்று இன்னொருவருக்கு முன்னால் நிரூபிக்க நின்ற அந்த இருபது நிமிடங்களைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் மாறிவிட்டது. தாய் தகப்பன் பெயர்கள் அச்சிட்ட பிறப்புச் சான்றிதழும், தாய் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பையில் இருந்ததால் விட்டுவிட்டார்கள். பிள்ளையை ஒருவர் மட்டும் அழைத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் இந்த இரண்டையும் பெட்டிக்குள் அடுக்கிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு நான் என்ன பதில் சொல்வது? முப்பத்திரண்டு வருடங்கள் தமிழாசிரியையாக இருந்தவளுக்குக் கைக்கு வந்த உதாரணம் சங்கப் புலவர்தான். 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பது அவருடைய முழுப்பெயர். முதலில் ஊர், அடுத்துத் தகப்பன், கடைசியில் தன் பெயர். இன்று அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் 'ம. க. நக்கீரன்' என்று எழுதியிருப்போம். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே நாம் இனிஷியல் போட்டுக்கொண்டோம் என்று நான் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொன்னேன். ஓரெழுத்தாகச் சுருக்குவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஆனால் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற வரிசை நம்முடையதுதான்.

அந்த வரிசை இன்றும் உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து விசேஷ வீடு எதற்காவது போய் மொய் எழுதுமிடத்தில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மதுரை, உசிலம்பட்டி வட்டாரத்தில் மொய் நோட்டு என்பது ஒரு குடும்பத்தின் பல தலைமுறை வரவுசெலவுக் கணக்கு. எழுதுகிறவர் முதலில் ஊரைக் கேட்பார், பிறகு இனிஷியலைக் கேட்பார், அப்புறம்தான் பெயர், தொகை. ஒரே ஊரில் நான்கு கருப்பையாக்கள் இருப்பார்கள் என்பதால், இனிஷியல் தவறிப்போனால் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். இப்போது பல மண்டபங்களில் கம்ப்யூட்டரில் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். கேள்வியின் வரிசை மட்டும் மாறவில்லை.

நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. கிராமத்தில் இருக்கிறது, காகிதத்தில்தான் இல்லை. 'மணியக்காரர் வகையறா', 'பூசாரி வகையறா' என்று கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் திருவிழா வரிப் பட்டியலிலும் பார்க்கிறோமே, அந்த வகையறா வெள்ளைக்காரனின் சர்நேம் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. ஆனால் அதை எவரும் பிறப்புச் சான்றிதழில் எழுதுவதில்லை. பெயருக்குப் பின்னால் எழுதிய ஒரே வால் சாதிப் பட்டம்தான். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்தடுத்த தலைமுறைகள் பெரும்பாலும் விட்டும்விட்டன. என் தாத்தாவின் பத்திரங்களில் அந்த வால் உண்டு, அப்பாவின் சான்றிதழில் இல்லை. வடக்கேயிருந்து வந்த விண்ணப்பப் படிவம் சர்நேம் என்று கேட்கும்போது தமிழன் தலையைச் சொறிவதற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய சொல்லை அவன் பாட்டன் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்து அழித்துவிட்டான் என்பதுதான். இந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பெருமைதான்.

மதுரைக்குள்ளேயே ஒரே மாதிரி இனிஷியல் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாயக்கர் மகாலைச் சுற்றி வாழும் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. அது இனிஷியலில் முதலில் வரும், தகப்பன் பெயர் இரண்டாவதாக வரும். டி. எம். சௌந்தரராஜன் பெயரில் இருக்கிற 'டி', தொகுளுவா என்ற குடும்பப் பெயர். 'எம்', தந்தை மீனாட்சி ஐயங்கார். ஊர் என்று நினைத்து மற்றவர்கள் கடந்துபோகும் எழுத்து அங்கே தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது. தெலுங்கு பேசுகிற வீடுகளில் 'இண்டி பேரு' என்பார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடு.

எனக்குப் பிடித்த இனிஷியல் வேறொன்று. 1916-இல் இந்த ஊரில் பிறந்த சுப்புலட்சுமியின் பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம். எஸ்.' என்பதில் 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. சண்முகவடிவு அவருடைய தாயார், வீணைக் கலைஞர். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த எழுத்து மாறவில்லை. உலகம் முழுவதும் அவரை எம். எஸ். என்றே அழைத்தது. ஊர் பெயரும் அம்மா பெயரும்தான் அது என்று தெரியாமலே கோடிப் பேர் அழைத்தார்கள். இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து, "அம்மா பேரைக்கூட வைக்கலாமா?" என்று கேட்டான்.

அதற்கு உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம் இருக்கிறது.

ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதில் எழுதுகிற பெயர்தான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுதான் பிறகு எல்லா ஆவணங்களுக்கும் மூலம். ஆகவே ஒவ்வொரு பெற்றோரையும் அழைத்து எழுத்து சரியா, இனிஷியல் சரியா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவோம். பூக்கட்டி விற்கிற ஒரு தாய் வந்தார். கையில் வாழைநாரின் ஈரம் இன்னும் காயவில்லை. பட்டியலைத் தொட்டால் தாள் நனைந்துவிடும் என்று சேலையில் துடைத்துக்கொண்டே நின்றார். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தகப்பன் போய்விட்டான். "டீச்சர், ஏம் பேரு எழுத்தப் போட்டுருங்க. அந்தாளு பேரு எம்புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்டார். அப்பா இனிஷியல் இல்லாமல் போட்டால் நாளைக்குப் பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்று நான் சொன்னேன். அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

விதி என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. பழக்கத்தை விதி என்று நம்பிப் பேசினேன். சில வருடங்கள் கழித்து அந்தப் பெண்ணே வந்து, கெஜட்டில் இனிஷியலை மாற்றப் போவதாகச் சொல்லிப் பள்ளிப் பதிவேட்டின் நகல் கேட்டாள். பணமும் அலைச்சலும் அவளுடையது. அன்று ஓர் எழுத்துக்காக ஐந்து நிமிடம் செலவழித்து விசாரிக்காதவள் நான். நகலை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்கவில்லை.

இன்று அந்தத் தாய் வந்தால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. 2016 டிசம்பரில் மத்திய அரசு பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தி, தாய், தகப்பன், காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றது. 2018 டிசம்பர் 5 முதல், தாய் ஒருவரே வளர்த்த பிள்ளை பான் அட்டைக்குத் தகப்பன் பெயர் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு ஆந்திரத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்ட ஒரு பெண், தன் பிள்ளைக்கு இரண்டாவது கணவரின் குடும்பப் பெயரை வைத்தார். இறந்தவரின் பெற்றோர் அதை எதிர்த்தார்கள். பழைய பெயரையே திரும்ப வைக்க வேண்டும், இப்போதைய கணவரின் பெயரை ஆவணங்களில் 'மாற்றுத் தந்தை' என்று குறிப்பிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, முதல் கணவர் இறந்த பின் பிள்ளையின் ஒரே இயற்கைக் காப்பாளரான தாய்க்குப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்றது. அப்படிக் குறிப்பிடச் சொல்வது பிள்ளையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணிப் பாராத, கொடுமைக்கு ஒப்பான செயல் என்றும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த ஈரக் கைதான் நினைவுக்கு வந்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் படிவங்கள் வரவில்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை வெறுமையாக விடலாம். பான் விண்ணப்பத்தில் அது கட்டாயம், ஒற்றைப் பெயர்க்காரர் தன் சொந்தப் பெயரையே அங்கே எழுத வேண்டும். ஆதாரில் ஒரே வரியில் பெயர் போகும். ஒரே ஆள் மூன்று அட்டையில் மூன்று விதமாக இருந்தால், ஆதாரையும் பானையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பாமல் என்ன செய்யும்? சர்நேமை வெறுமையாக விட்டு அமெரிக்கா போகிறவர்களுக்கு விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயராகி, முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முன்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்து விழுகிறது. அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிட, தம்பியின் அறைத் தோழர் ஒருவரை அவருடைய அலுவலகத்தில் 'ஃப்னூ' என்றே கூப்பிட்டார்களாம். வளைகுடா போகிறவர்களுக்கும் இப்படி ஒன்று வந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் எத்தனை வீடுகளில் பதற்றம் இருந்திருக்கும் என்பது டிராவல் ஏஜென்சி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு தளர்த்தினார்கள்.

நம்மைப்போல் இருப்பவர்கள் உலகத்தில் வேறு எவரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் தகப்பன் பெயரோ தாய் பெயரோதான் பின்னால் வரும். மகனுக்கு ஒரு விகுதி, மகளுக்கு ஒரு விகுதி, அண்ணன் தங்கைக்கே கடைசிப் பெயர் வேறாக இருக்கும். அவர்களுடைய தொலைபேசிப் புத்தகமே சொந்தப் பெயரின் அகரவரிசையில் அச்சானது. மலேசியாவுக்குப் போன நம் ஆட்கள் அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று, அதாவது இன்னார் மகன், இன்னார் மகள் என்று, மலாய் மொழியிலேயே எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இதற்கு எதிர்ப்புறத்தில் ஜப்பான் இருக்கிறது. அங்கே கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று குடிமைச் சட்டமே சொல்கிறது, 2015-இலும் 2021-இலும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது சரியென்றே தீர்ப்பளித்தது. என் வீட்டுக் குடும்ப அட்டையை ஜப்பானியர் ஒருவரிடம் காட்டினால் நான்கு பேரும் வாடகைக்குச் சேர்ந்து குடியிருக்கிறோம் என்று நினைப்பார். என் கணவருக்கு அவர் தகப்பன் இனிஷியல். மாமியாருக்கு அவர் கணவர் இனிஷியல், ஆக அவர்கள் இருவருக்கும் ஒரே எழுத்து. மகளுக்கு என் கணவர் இனிஷியல். கல்யாணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்ட எனக்குப் பணிப்பதிவேட்டில் எழுதிய 'சொ' ஓய்வு பெறும்வரை மாறவில்லை. கணக்குப்படி அந்த வீட்டில் எவருடைய பெயரோடும் எவருடைய இனிஷியலோடும் சேராத எழுத்து என்னுடையதுதான். இத்தனை வருடத்தில் அதனால் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. சண்டைக்கு வேறு எவ்வளவோ இருந்தது.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்பதால் நான் அதை வரவேற்பதில் வியப்பில்லை என்பீர்கள். நான் வரவேற்பது மொழிப்பற்றால் மட்டும் அன்று. 'எஸ். பாக்கியம்' என்று எழுதினால் அந்த 'எஸ்'ஸுக்குள் சுப்பையாவும் அடக்கம், சொக்கலிங்கமும் அடக்கம், சண்முகமும் சரவணனும் அடக்கம். எங்கள் பரணில் இருக்கும் குடத்தையும் அண்டாவையும் வேறுபடுத்துவது 'சு', 'சொ' என்ற இரண்டு எழுத்துகள்தான். ஆங்கிலத்தில் வெட்டியிருந்தால் எது தாத்தா வாங்கியது, எது அப்பா வாங்கியது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது.

பையன் கேட்டதற்கு ஒருவழியாக, வைக்கலாம் என்று பதில் சொன்னேன். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கும் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கிப் பெயர் வெட்டிக் கொடுக்கலாம் என்று கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனோம். முன்பெல்லாம் சிற்றுளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தட்டுவார்கள். இப்போது பேனாபோல் ஒரு சிறிய மிஷின், 'கிர்ர்' என்ற சத்தத்தோடு எழுதிக்கொண்டே போகிறது. வெட்டுகிறவர் தலையைத் தூக்காமல், "இனிஷியல் என்ன தம்பி?" என்று கேட்டார்.

"வா. மு.," என்றான் பையன். வீட்டிலேயே யோசித்து வைத்திருக்கிறான் போலும். தம்பி என்னைப் பார்த்தான், நான் சொம்பைப் பார்த்தேன்.

"வா-ன்னா ஊரா? வாடிப்பட்டியா?"

"இல்ல, அம்மா."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. துணியால் சொம்பின் கழுத்தைத் துடைத்துவிட்டு, 'வா. மு. இளங்கோ' என்று வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு, குடத்தில் இருக்கிற தன் பெயரைத் தடவுவதுபோலவே இதையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேசா வெட்டியிருக்கான். நாலு தடவ புளி போட்டு வெளக்குனா அழிஞ்சிரும். நாளைக்குப் போயி இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டித் தரச் சொல்லு" என்றார்.